சுண்டெலியில் தொடங்கிய தொண்டு: பேராசிரியர் ஹால்டேன் வாழ்க்கை வரலாறு



விழா மலர் என்றால் காந்தியடிகள், நேரு, பாரதியார் என்று நமக்குப் பழக்கமான பெரியோர்களின் வரலாறு வருவது வழக்கம். இந்த முறை ஒரு விஞ்ஞானியின் கதையைச் சொல்லலாம் என்று எண்ணினேன். உலகத்து அறிஞர்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர் அவருடையது. ஆனாலும் நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அந்தப் பெயர் வருவதில்லை. ஜே.பி.எஸ். ஹால்டேன் என்பது அவர் பெயர். வெள்ளைக்காரராகப் பிறந்து, இந்தியக் குடிமகனாக மறைந்தவர். அவர் ஆராய்ச்சி தொடங்கியது ஒரு சுண்டெலிக் கூண்டில். அது போய் முடிந்த இடமோ நம்மைப் போன்ற குடும்பங்களின் இரத்தம்.

எலின்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? அரிசி மூட்டையும் எலிப்பொறியும்தான். செம்பனைத் தோட்டத்திலே எலி பழத்தைக் கடித்து நாசம் பண்ணுதுன்னு ஆந்தைக்குக் கூடு கட்டி வைக்கிறார்கள். அந்த எலியின் உறவினமான சுண்டெலிதான் மனிதனுடைய பரம்பரை நோய்களைப் பற்றி விஞ்ஞானிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பாடத்தை முதன்முதலில் கேட்டவர்களில் ஒருவர் ஹால்டேன்.

சுரங்கத்தில் கற்ற பாடம்

ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்து நாட்டில் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேனும் பெயர்பெற்ற விஞ்ஞானியே. நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் செத்து மடிந்த காலம் அது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சுண்டெலியும் கேனரி என்னும் சின்னஞ்சிறு பறவையும் வேகமாக மூச்சு விடுபவை. ஆகையால் மனிதனுக்கு முன்னால் அவை மயங்கி விழுந்துவிடும். அவற்றைக் கூண்டில் வைத்துச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனால் தொழிலாளி தப்பித்து வெளியே வர நேரம் கிடைக்கும் என்று சொன்னவர் இந்தத் தந்தையார்தான். தொழிலாளியின் உயிருக்குக் காவலாக நின்றது ஒரு சுண்டெலி என்பதை நாம் மறக்கக்கூடாது.

தந்தையார் மகனையும் சுரங்கத்துக்குள் கூட்டிக்கொண்டு போவார். ஒருமுறை சுரங்கத்தின் கூரை ஓரமாக வாயு தேங்கி நின்ற இடத்தில் மகனை நிற்க வைத்து, ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து ஒரு வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். பையனும் ஒப்பிக்கத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது, முழங்கால் துவண்டது, அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். தரையோரம் நல்ல காற்று இருந்ததால் மூச்சு திரும்பியது. அந்த வாயு காற்றைவிட இலேசானது, மேலேதான் நிற்கும் என்பதைப் பையன் உடம்பாலேயே கற்றுக்கொண்டான். புத்தகத்தில் படித்த பாடம் மறந்து போகலாம். உடம்பில் பட்ட பாடம் மறக்குமா?

அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது, 1901-ஆம் ஆண்டு, தந்தையார் அவரை ஒரு சொற்பொழிவுக்கு அழைத்துச் சென்றார். மெண்டல் என்னும் பாதிரியார் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்டுபிடித்த பரம்பரை விதிகளைப் பற்றிய சொற்பொழிவு அது. பிள்ளைக்கு நிறமும் உயரமும் தாய் தந்தையிடமிருந்து எப்படி வருகின்றன? தாத்தாவுக்கு இருந்த ஒன்று தகப்பனிடம் மறைந்து பேரனிடம் ஏன் திரும்பி வருகிறது? இப்படிப்பட்ட கேள்விகள் சிறுவனின் மனத்தில் விதையாக விழுந்தன.

தங்கையும் சுண்டெலியும்

ஹால்டேனுக்கு நயோமி என்று ஒரு தங்கை. பிற்காலத்தில் பெரிய எழுத்தாளராகப் புகழ் பெற்றவர். அந்தச் சிறுமி வீட்டில் கினிப்பன்றி என்னும் சின்னப் பிராணிகளை வளர்த்தாள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து எந்த நிறத்துக்கு எந்த நிறம் குட்டியாகப் பிறக்கிறது என்று குறித்து வைத்தார்கள். விளையாட்டாகத் தொடங்கியது வினையாக அல்ல, விஞ்ஞானமாக முடிந்தது.

பிறகு சுண்டெலிக்கு வந்தார்கள். சில சுண்டெலிகள் வெள்ளையாக இருக்கும். சிலவற்றுக்குக் கண் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்து, உடலின் நிறம் வெளிறியிருக்கும். இந்த இரண்டு குணங்களும் தனித்தனி மரபணுக்களால் வருபவை. அப்படியானால் அவை தனித்தனியே பிரிந்து பிள்ளைகளுக்குப் போக வேண்டும். ஆனால் கணக்குப் பார்த்தபோது அவை பெரும்பாலும் பிரியாமல் சேர்ந்தே போவது தெரிந்தது. காரணம் என்ன? ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் ஒரே லாரியில் ஏறி வேலைக்குப் போவார்கள் அல்லவா? அதுபோல, ஒரே மரபு இழையில் அருகருகே குடியிருக்கும் மரபணுக்கள் சேர்ந்தே பயணம் செய்கின்றன. பாலூட்டிப் பிராணிகளில் இதை முதலில் காட்டியவர்களில் ஹால்டேனும், நயோமியும், ஸ்பிரண்ட் என்ற நண்பரும் அடங்குவர். எந்த மரபணு எந்த இடத்தில் இருக்கிறது என்று வரைபடம் போடலாம் என்ற நம்பிக்கை இதனால் பிறந்தது.

அந்தக் கட்டுரை 1915-ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்போது முதலாம் உலகப்போர். ஹால்டேன் பிரான்சில் போர்முனையில் இருந்துகொண்டே அதை எழுதினார். நண்பர் ஸ்பிரண்டோ அந்த ஆண்டே போரில் மாண்டுபோனார். மூன்று பேர் வளர்த்த எலிகளின் கணக்கு அச்சில் வந்தபோது பார்க்க இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள்.

போரில் எதிரிகள் நச்சுப்புகையை ஏவியபோது, அதற்கு முகமூடி தயாரிக்கும் வேலையில் தந்தையும் மகனும் இறங்கினார்கள். யாரை வைத்துச் சோதிப்பது? சாதாரணச் சிப்பாயையா? இல்லை. தாங்களே புகை நிறைந்த அறைக்குள் நுழைந்து, எவ்வளவு நேரம் தாங்கமுடிகிறது என்று பார்த்தார்கள். ஹால்டேன் பிரான்சில் ஒருமுறையும், பிறகு இன்றைய ஈராக் நாட்டில் ஒருமுறையும் காயம்பட்டார். உடல் தேற அவரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்தியாவும் இந்திய மக்களும் அவருக்கு மிகவும் பிடித்துப்போயின. ஆனால் ஆள்பவன் ஆளப்படுபவன் என்ற வேறுபாடு பிடிக்கவில்லை. இந்தியருடன் சரிசமமாகப் பழகும் காலம் வந்தபிறகுதான் இனி இந்த மண்ணை மிதிப்பது என்று முடிவு செய்துகொண்டு கப்பல் ஏறினார்.

தன் உடம்பே சோதனைக்கூடம்

ஒரு வியப்பான செய்தி சொல்கிறேன், மாணவர்களே! ஹால்டேன் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியது கணிதத்திலும் பழங்கால இலக்கியத்திலும்தான். விஞ்ஞானத்தில் அவருக்குப் பட்டமே கிடையாது. இருந்தும் 1923-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் துறையில் பதவி ஏற்றார். 1933-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மரபியல் பேராசிரியரானார். ஆர்வமும் உழைப்பும் இருந்தால் சான்றிதழ் பின்னால் வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இரத்தத்தில் புளிப்புத்தன்மை கூடினால் உடம்பு என்ன ஆகும் என்று அறிய, நவச்சாரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தாமே குடித்து மூச்சிரைக்க மூச்சிரைக்கக் குறிப்பு எழுதினார். 1939-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தார்கள். அவர்கள் எப்படி இறந்தார்கள், இனி இப்படி நேராமல் எப்படித் தடுப்பது என்று ஆராயும் பொறுப்பு ஹால்டேனிடம் வந்தது. தாமும் சில தோழர்களும் இரும்பு அறைக்குள் அடைந்துகொண்டு, கெட்ட காற்றையே மணிக்கணக்கில் சுவாசித்துப் பார்த்தார்கள். தொடர்ந்து நடந்த சோதனைகளில் அவருக்கு வலிப்பு வந்து முதுகெலும்பில் அடிபட்டது. காதுச் சவ்வு கிழிந்தது. பிறருக்கு ஆபத்தான எதையும் முதலில் தனக்குச் செய்துகொள்வது அவர் கொள்கை.

எலியை அவர் விட்டுவிடவில்லை. 1933-இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத அறிஞர்கள் வேலை இழந்து தவித்தார்கள். அவர்களில் குரூனபெர்க் என்ற இளம் விஞ்ஞானியை லண்டனுக்கு அழைத்து ஆதரித்தவர்களில் ஹால்டேன் ஒருவர். அந்தக் குரூனபெர்க் பிறகு சுண்டெலியின் மரபியல் பற்றி 1943-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அகதியாக வந்தவர்தான் அத்துறைக்கு ஆசானானார்.

கணக்கிலும் ஹால்டேன் புலி. 1924 முதல், ஒரு குணம் ஒரு கூட்டத்தில் எவ்வளவு வேகத்தில் பரவும் என்பதைக் கணிதத்தால் காட்டினார். மான்செஸ்டர் நகரில் ஆலைப்புகையால் மரங்கள் கறுத்துப்போயின. அங்கே வெளிறிய நிற அந்துப்பூச்சிகளைப் பறவைகள் பிடித்துத் தின்றன. கறுப்புப் பூச்சிகள் மரத்தோடு மரமாகத் தெரியாமல் பிழைத்தன. அரை நூற்றாண்டுக்குள் ஊர் முழுக்கக் கறுப்புப் பூச்சியாகிவிட்டது. இவ்வளவு வேகமாக மாற வேண்டுமானால் கறுப்புப் பூச்சிக்கு எவ்வளவு சாதகம் இருந்திருக்க வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டே சொன்னார் அவர். இந்தக் கணக்குதான் அவரை நம் இரத்தத்தின் பக்கம் கொண்டுவந்து விட்டது.

காய்ச்சலும் இரத்தமும்

தலசீமியா என்று ஒரு பரம்பரை இரத்த நோய். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுத்துக் காற்றைச் சுமந்து செல்லும் பொருள் சரியாக உற்பத்தியாகாது. இந்தக் குறையுள்ள மரபணு ஒருவருக்குத் தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவருக்குப் பெரிய தொல்லை இல்லை. வேலை செய்வார், விளையாடுவார், தனக்கு இருப்பதே தெரியாது. இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் குழந்தை சோகை பிடித்து வெளுத்துவிடும். கடுமையான வகையானால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டும்.

இவ்வளவு கொடிய மரபணு தலைமுறை தலைமுறையாக ஏன் அழியாமல் இருக்கிறது? பிள்ளைகள் இளமையிலேயே இறந்துபோனால் அந்த மரபணுவும் கூடவே குறைந்துகொண்டு வர வேண்டும் அல்லவா? இத்தாலி, கிரேக்க நாட்டு வழியினரிடம் இது இவ்வளவு அதிகமாக இருப்பது மற்ற ஆராய்ச்சியாளர்களுக்குப் புதிராக இருந்தது. புதிது புதிதாக மரபணு கெட்டுக்கொண்டே இருக்கிறது போலும் என்று அவர்கள் நினைத்தார்கள். 1948-இல் ஸ்வீடன் நாட்டுத் தலைநகரில் நடந்த மாநாட்டில் ஹால்டேன் வேறு விடை சொன்னார். அது அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. அந்த மரபணுவை ஒரு பங்கு மட்டும் உடையவர்கள் மலேரியாவை மற்றவர்களைவிட நன்றாகத் தாங்கியிருப்பார்கள். காய்ச்சல் காட்டில் மற்றவர் மடிந்தபோது அவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களின் பிள்ளைகளிடம் அந்த மரபணுவும் பிழைத்தது. கறுத்த மரத்தில் கறுப்புப் பூச்சி பிழைத்த அதே கணக்குத்தான்.

1954-இல் அல்லிசன் என்ற மருத்துவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் அரிவாள் வடிவ இரத்த அணு நோயில் இது உண்மை என்று காட்டினார். இத்தாலியைச் சேர்ந்த சார்டினியாத் தீவிலும், மலேரியா மிகுந்த தாழ்ந்த ஊர்களில் தலசீமியா மரபணு அதிகமாகவும் மலைமேல் உள்ள ஊர்களில் குறைவாகவும் இருப்பது தெரியவந்தது.

மலேரியா என்றால் நம் தோட்டப்புறத்துப் பெரியவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. காட்டை அழித்துப் பால்மரம் நட்ட அந்தக் காலத்தில், வெயில் பட்ட தெளிந்த மலையோடைகளில் கொசு பெருகியது. தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த நம் முன்னோர்கள் குளிர்காய்ச்சலில் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். 1901 முதல் கிள்ளான் பகுதியில் டாக்டர் மால்கம் வாட்சன் கால்வாய் வெட்டிக் கொசுவை ஒழித்துக் காட்டிய பிறகுதான் வழி பிறந்தது. அப்படிப்பட்ட காய்ச்சல் பூமிகளில், தமிழகம், மலாயா, சயாம், இத்தாலி எதுவானாலும், இரத்தத்தில் இத்தகைய மாற்றங்கள் தங்கிவிட்டன. இதிலிருந்து ஹால்டேன் நமக்குச் சொல்லாமல் சொல்லும் செய்தி என்ன? தலசீமியா சாபம் இல்லை, முன்வினை இல்லை, எந்தச் சாதியின் குற்றமும் இல்லை, மருமகள் கொண்டுவந்த தோஷமும் இல்லை. ஒரு காலத்தில் நம் மூதாதையரின் உயிரைக் காத்த கவசம், காய்ச்சல் போனபின் பாரமாக நிற்கிறது. அவ்வளவுதான்.

நிலவிலும் களங்கம் உண்டு

பெரியவர்களின் வரலாற்றில் நல்லதை மட்டும் எழுதினால் பிள்ளைகளுக்கு அது உதவாது. ஹால்டேன் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தவர். ஏழைத் தொழிலாளருக்காக அக்கட்சியின் பத்திரிகையில் எளிய விஞ்ஞானக் கட்டுரைகள் ஏராளமாக எழுதினார். ஆனால் ரஷ்யாவில் லைசெங்கோ என்பவர் மெண்டலின் விதிகளே பொய் என்று கூறி, அரசாங்க ஆதரவோடு உண்மையான மரபியலாளர்களை ஒழித்துக் கட்டினார். வாவிலோவ் என்ற உத்தமமான விஞ்ஞானி 1943-இல் சிறையில் இறந்தார். எல்லாம் தெரிந்திருந்தும் கட்சிப் பற்றால் ஹால்டேன் நெடுநாள் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. தன் உடம்பைக் கொடுக்க அஞ்சாதவர், இந்த ஒரு விஷயத்தில் வாய் திறக்கத் தயங்கினார். பிறகு கட்சியை விட்டு விலகினார். அறிவாளிக்கும் கண் மறைக்கும் என்பதை இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவின் மகனாக

இந்தியா சுதந்திரம் பெற்றுவிட்டது. இளமையில் செய்த முடிவை ஹால்டேன் மறக்கவில்லை. 1957-ஆம் ஆண்டு, 64 வயதில், மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவுக்கு வந்து குடியேறினார். பேராசிரியர் மகலநோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். வேட்டி ஜிப்பா உடுத்தினார், மாமிசத்தை விட்டார், 1961-இல் இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

விலையுயர்ந்த கருவிகள் இருந்தால்தான் ஆராய்ச்சி என்று நினைத்த மாணவர்களுக்கு அவர் வேறு வழி காட்டினார். கண்ணும் கையும் நோட்டுப் புத்தகமும் போதும் என்றார். ராய் என்ற மாணவர் பவளமல்லிப் பூக்களின் இதழ்களை நாள் தவறாமல் எண்ணிக் கணக்கு எடுத்தார். டேவிஸ் என்பவர் தென்னை மரங்களை ஆராய்ந்தார். தென்னையின் மட்டைகள் சில மரங்களில் இடப்புறமாகவும் சில மரங்களில் வலப்புறமாகவும் சுற்றி எழும்பும். தாய்மரம் இடம்புரியாக இருந்தாலும் கன்றுகள் ஏறக்குறையப் பாதிக்குப் பாதியாகப் பிரிந்து வந்தன. ஆக, எல்லாக் குணமும் பரம்பரையாக வருவதில்லை என்பது புலப்பட்டது. நம் பிள்ளைகளும் வீட்டுப்பக்கம் இருக்கும் தென்னையை ஒருமுறை சுற்றிப் பார்க்கலாமே!

துரோணம்ராஜு என்ற மாணவரும் மீரா கான் என்பவரும் ஆந்திர மாநிலத்தில் சொந்தத்துக்குள் நடக்கும் திருமணங்களை ஆராய்ந்தார்கள். தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கட்டுவது தென்னாட்டு வழக்கம். ஒரே குடும்பத்தில் ஓடும் ஒரு குறையுள்ள மரபணு அப்படிப்பட்ட திருமணத்தில் இரண்டு பக்கமிருந்தும் வந்து குழந்தையிடம் கூடிவிட வாய்ப்பு அதிகம். அதனால்தான் அந்த ஆராய்ச்சிக்கு ஹால்டேன் மிகுந்த முக்கியத்துவம் கொடுத்தார்.

பிறகு அவர் ஒரிசா மாநிலத்துப் புவனேசுவரத்துக்கு 1962-இல் சென்றார். முதலமைச்சர் பிஜு பட்நாயக்கின் ஆதரவில் அங்கே மரபியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். அந்தக் காலத்தில்தான் புற்றுநோய் தெரியவந்தது. 1964-இன் தொடக்கத்தில் லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் என்ன செய்தார்? அழவில்லை. தம் நோயைப் பற்றியே சிரிக்கச் சிரிக்க ஒரு பாட்டு எழுதி ஒரு வார இதழில் வெளியிட்டார். சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் சீக்கிரமே டாக்டரிடம் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்தப் பாட்டின் கருத்து.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள், 72-ஆம் வயதில், புவனேசுவரத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவர் விருப்பப்படியே உடலை எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. மாணவர்கள் அறுத்துப் படிக்க ஆந்திராவில் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். வாழ்நாளெல்லாம் சோதனைக்குக் கொடுத்த உடம்பை, செத்தபிறகும் பாடத்துக்குக் கொடுத்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து

ஹால்டேன் காலத்தில் எலியின் மரபணு எங்கே இருக்கிறது என்று கணக்கால் கண்டுபிடிக்க முடிந்தது. அதைத் தொட முடியவில்லை. அவர் மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு, 1981-இல், மார்ட்டின் எவன்ஸ் என்பவரும் அவர் தோழரும் சுண்டெலியின் கருவிலிருந்து எல்லா உறுப்பாகவும் வளரக்கூடிய மூலச் செல்களை எடுத்து வளர்த்தார்கள். ஆலிவர் ஸ்மித்தீஸ், மரியோ கபெக்கி ஆகிய இருவரும் ஒரு குறிப்பிட்ட மரபணுவைக் குறிவைத்து மாற்றும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். 1985-இல் மனிதச் செல்லில் ஸ்மித்தீஸ் குறிவைத்தது எதைத் தெரியுமா? தலசீமியாவில் பழுதாகும் அதே இரத்த மரபணுவைத்தான்! ஒரு மரபணுவை அடியோடு எடுத்துவிட்ட சுண்டெலிகள் 1989 முதல் பிறந்தன. மூவரும் 2007-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று அறிய அதை எடுத்துவிட்டுப் பார்ப்பது நல்ல வழிதான். ஆனால் ஒரு சங்கடம் வந்தது. பல மரபணுக்களை எடுத்துவிட்டால் குட்டி பிறக்கும் முன்போ பிறந்த உடனேயோ செத்துவிடும். செத்த குட்டியில் எதைப் படிப்பது? ஒரு வீட்டு விளக்கை அணைக்கத் தோட்டத்தின் மெயின் சுவிட்சையே இழுத்தால் என்ன ஆகும்? லயம், ஆயாக்கொட்டகை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாமே இருட்டாகிவிடும். அந்த வீட்டுச் சுவிட்சை மட்டும் தட்டவேண்டும்.

அதற்கும் வழி கண்டார்கள். நுண்கிருமியைத் தாக்கும் ஒரு வைரஸில் கிரீ என்ற கத்தரிக்கோல் போன்ற பொருள் இருக்கிறது. அது லாக்ஸ் என்னும் அடையாளத்தை மட்டும் தேடும். இரண்டு லாக்ஸ் அடையாளத்துக்கு நடுவில் உள்ளதை வெட்டி நீக்கிவிட்டு முனைகளைச் சேர்த்து ஒட்டிவிடும். விஞ்ஞானிகள் ஒரு சுண்டெலியில் தாங்கள் ஆராயும் மரபணுவின் இரு பக்கமும் இந்த அடையாளத்தை வைத்தார்கள். அடையாளம் இருந்தால் மட்டும் ஒன்றும் நடக்காது. மரபணு வழக்கம்போல வேலை செய்யும். இன்னொரு சுண்டெலியில் அந்தக் கத்தரிக்கோல், உடம்பின் ஒரே ஒரு வகைச் செல்லில் மட்டும் உண்டாகும்படி செய்தார்கள். இரண்டையும் இனம் சேர்த்து, இரண்டும் கூடிவந்த குட்டிகளைப் பொறுக்கி எடுத்தால், அந்தக் குட்டிகளில் அந்த உறுப்பில் மட்டும் மரபணு நீங்கியிருக்கும். மற்ற இடமெல்லாம் பத்திரமாக இருக்கும். 1994-இல் ஜெர்மனியில் ராஜெவ்ஸ்கி என்பவரின் குழு நோய் எதிர்ப்புச் செல்லில் இப்படி ஒரு மரபணுவை நீக்கிக் காட்டியது. கத்தரிக்கோல் ஒரு மருந்து கொடுத்தால்தான் வேலை செய்யும்படியும் பிறகு அமைத்தார்கள். எந்த இடம் என்பதோடு எந்த நேரம் என்பதும் மனிதன் கைக்கு வந்தது. இதைத்தான் நிபந்தனை முறையில் மரபணு நீக்குதல் என்கிறார்கள்.

இதனால் தலசீமியாவுக்கு என்ன லாபம்? கருவில் இருக்கும் குழந்தைக்கு வேறு ஒரு வகை இரத்தப் பொருள் இருக்கிறது. பிறந்த சில மாதத்தில் அதன் உற்பத்தி பெரும்பாலும் நின்றுவிடும். அதை நிறுத்தி வைக்கும் காவலாளி ஒரு மரபணு. அந்தக் காவலாளியை நீக்கினால் கருக்கால இரத்தப் பொருள் மறுபடி உண்டாகி, கெட்டதன் குறையை ஈடுகட்டுமே! ஆனால் உடம்பு முழுவதும் அதை நீக்கிய சுண்டெலிக் குட்டிகள் பிறந்த உடனே இறந்தன. ஆகவே இரத்தச் சிவப்பணு உண்டாகும் செல்களில் மட்டும் நீக்கினார்கள். 2011-இல் அமெரிக்காவில் ஆர்க்கின் என்பவரின் குழு இப்படிச் செய்தபோது, அரிவாள் இரத்த நோய் உள்ள சுண்டெலிகள் குணமடைந்தன. அதே காவலாளியைச் சிவப்பணுவுக்குரிய இடத்தில் மட்டும் முடக்கும் சிகிச்சை மனிதருக்கும் வந்தது. 2023 நவம்பரில் அரிவாள் இரத்த நோய்க்கும் கடுமையான ஒருவகைத் தலசீமியாவுக்கும் அதை முதலில் அனுமதித்த நாடு பிரிட்டன். ஹால்டேன் பிறந்த மண்! ஆனால் செலவோ லட்சக்கணக்கான வெள்ளி. ஏழை வீட்டு வாசலுக்கு அது வந்து சேர இன்னும் நாளாகும்.

நாம் செய்ய வேண்டியது

அதுவரை நம் கையில் இருப்பது இரத்தப் பரிசோதனை. தாய் தந்தை இருவருக்கும் அந்த மரபணு ஒரு பங்கு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே கணக்கு புதிதாகத் தொடங்கும். ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிள்ளைக்கு அந்தக் கடுமையான நோய் வராது.

நம் நாட்டில் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதம் வீட்டுக்கு வரும். இரத்தம் எடுத்தால் பிள்ளை இளைத்துவிடும் என்றோ, முடிவு தெரிந்தால் பெண்ணுக்கு நாளை மாப்பிள்ளை வராது என்றோ சிலர் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஐயா, அம்மா, அப்படிச் செய்யாதீர்கள். எடுப்பது கொஞ்சம் இரத்தம். ஒரு பங்கு மட்டும் இருப்பவர் நோயாளி அல்ல. திருமணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். இரண்டு பக்கமும் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு டாக்டரிடம் கலந்து பேசினால் போதும். சொந்தத்துக்குள் சம்பந்தம் பேசும் குடும்பங்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். சாதகப் பொருத்தம் பார்க்க ஆயிரம் மைல் போகிற நாம், இரத்தப் பொருத்தம் பார்க்கப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போகக்கூடாதா?

மாணவமணிகளே! உங்களில் சிலர் இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறீர்கள். மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறீர்கள். ஹால்டேனுக்கு விஞ்ஞானத்தில் பட்டமில்லை என்று முன்பே சொன்னேன். ஒரு தங்கையும், சில பிராணிகளும், ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தன. பார்த்ததை எண்ணினார், எண்ணியதை எழுதினார், எழுதியதைத் தன் உடம்பிலேயே சோதித்தார். பவளமல்லியும் தென்னையும் நம் தோட்டத்திலும் இருக்கின்றன. எண்ணத் தொடங்குங்கள். நெகிரி செம்பிலான் தோட்டத்து லயத்திலிருந்தும் ஒரு விஞ்ஞானி வரட்டும்.

வாழ்க நம் பள்ளி! வளர்க அறிவியல்!